மழை இரவில் தூங்காத பிள்ளைகள்: மலையில் இருக்கும் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோத்தகிரிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி. இன்று கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் மகள் ஏழாம் வகுப்பு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனதே, அந்தக் காட்சிகளைப் பாட்டியின் போனில் பார்த்துவிட்டாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. அதிலிருந்து மழை வலுத்தால் தூங்குவதில்லை. பள்ளிப் பையில் துணி, டார்ச், நாய்க்குட்டிக்கு பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கு மேலே ரோடு. "அந்த ரோடு இறங்கினா நாம எங்கம்மா இருப்போம்?" என்கிறாள்.

மழையோடு நின்றாலும் பரவாயில்லை. 2024 ஏப்ரலில் ஊட்டியில் 29 டிகிரி அடித்ததைப் பள்ளியில் பேசியிருக்கிறார்கள். "நான் உன் வயசுக்கு வரும்போது இங்க குளிரே இருக்காதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர் "ஒண்ணும் ஆகாது, படு" என்கிறார். மாமியார் 2009 நவம்பர் மழையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார். நடுவில் நான். எனக்கும் மழைச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மலையிலேயே இருக்கும் பெற்றோர் பேசினால் உதவியாக இருக்கும்.

மலைக்காற்று

அம்மா, நான் குன்னூர். அறுபதைத் தாண்டியவன். 1978 மழையையும் 79 மழையையும் பார்த்திருக்கிறேன். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கி ரோட்டையும் ரயில் பாதையையும் கொண்டுபோனதே, அப்போது கீழே மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வழியில்லாமல் தவித்தவன். இந்த மலை எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கும் பயந்தோம். ஆனால் மழை நின்றதும் பயமும் நின்றது. மறுநாள் கொழுந்து எடுக்கப் போனோம்.

இன்றைக்குப் பிள்ளைகளின் பயம் நிற்காமல் இருப்பதற்குக் காரணம் போன். மழை நின்ற பிறகும் அதில் மழை பெய்துகொண்டே இருக்கிறது. முதலில் அதை வாங்கி உள்ளே வையுங்கள். பாட்டியோடு படுக்க விடுங்கள். காலநிலைக் கவலை என்று பெரிய பெரிய பேரெல்லாம் வைத்துப் பேசினால் பயம் கூடத்தான் செய்யும்.

ஈரமண்

நான் கூடலூர். போன் விஷயத்தில் ஐயா சொல்வது சரி. மீதியில் எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகள் குடும்பம் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் இருந்தது. உயிர் பிழைத்தார்கள், வீடு பிழைக்கவில்லை. அந்த வாரம் காணாமல் போனவர்களைச் சாலியாற்றில் நிலம்பூர் வரைக்கும் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் பையனுக்கு அப்போது பத்து வயது. அவனிடம் "ஒண்ணும் ஆகாது" என்று எப்படிச் சொல்வது? அத்தை வீட்டுக்கு ஆகிவிட்டதே. அப்படிச் சொன்னால் அவன் பயப்படுவதை நிறுத்த மாட்டான், நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்துவான். கோத்தகிரி அக்கா, உங்கள் மகள் இன்னும் உங்களிடம் கேட்கிறாளே, அது நல்ல விஷயம். அந்தக் கதவை மூடிவிடாதீர்கள்.

நாங்கள் செய்தது இதுதான். மழை இல்லாத ஒரு நாள் பையன், என் அம்மா, நான் மூன்று பேரும் வீட்டுக்கு மேல் இருக்கும் சரிவை நடந்து பார்த்தோம். எந்த ஓடை எங்கே போகிறது, எங்கே மண் வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள், ரோட்டோர வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். எங்களுக்கே தெரியாத ஒரு பழைய நீர்த்தாரையை அவர் நினைவில் வைத்திருந்தார். இப்போது அதன் மேல் ஒரு ஷெட் நிற்கிறது. அப்புறம் என்ன பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தரையிலோ சுவரிலோ புதிய விரிசல், நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, தெளிவாக வந்த ஊற்று கலங்கலாக வருவது, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழையிலேயே நின்றுபோவது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டும். மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே போவது என்றும் முடிவு செய்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமா வீடு, அது முடியாவிட்டால் முகாமாகும் பள்ளிக்கூடம். எப்போது போவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. நடுராத்திரியில் முடிவெடுக்கக் கூடாது. வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய்விடுவது என்று வைத்திருக்கிறோம். ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாமா வீட்டில் சூடாகச் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

பையனுக்கு ஒரு வேலையும் கொடுத்தோம். மழை அளப்பது. பக்கங்கள் நேராக, அடி தட்டையாக இருக்கும் ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்த இடத்தில் வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவான். வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. 64.5 மில்லிமீட்டர் வந்தால் கனமழை, 115.6க்கு மேல் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. முன்பு எந்த மழையைப் பார்த்தாலும் அவனுக்கு சூரல்மலைதான். இப்போது "இது 30 கூட வராதுப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறான். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து மண் ஊறியிருக்கும்போது மட்டும் அவனே வந்து எச்சரிக்கை என்ன நிறம் என்று கேட்பான். அந்தப் பயம் அவனுக்குத் தேவையான பயம்.

கோத்தகிரிக்காரி

ஈரமண் தம்பி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. உங்கள் தங்கை குடும்பம் இப்போது நன்றாக இருக்கிறதா?

ஒரு சந்தேகம். விரிசல், சாய்ந்த மரம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பேசினால் இன்னும் பயந்துவிட மாட்டாளா? பார்க்கிற மரமெல்லாம் சாய்ந்ததாகத் தெரியுமே.

மனத்தோழி

இதற்கு நான் பதில் சொல்லலாம். ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகளோடு பேசும் ஆலோசகராக இருக்கிறேன்.

அக்கா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஸ்வீடனில் மரியா ஓயாலா என்ற ஆய்வாளர் 12 வயதுப் பிள்ளைகள் காலநிலைக் கவலையை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராய்ந்து 2012ல் எழுதினார். சில பிள்ளைகள் "அதெல்லாம் பெரிதுபடுத்துகிறார்கள்" என்று தள்ளிவிடுகிறார்கள். சிலர் நான் என்ன செய்யலாம் என்றே யோசிக்கிறார்கள். சிலர் பிரச்சினை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கூடவே நம்பிக்கை வைக்க ஆட்களும் காரணங்களும் இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகள் செயலில் முன்னே நிற்கிறார்கள், ஆனால் மனக்கலக்கமும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. மூன்றாவது வகையில் செயலும் இருந்தது, மனமும் தாங்கியது.

அதனால் வேலை மட்டும் கொடுத்தால் போதாது. தம்பியின் கதையில் எனக்குப் பட்டது ஜாடி இல்லை. பாட்டியும் அப்பாவும் கூட நடந்தார்கள், மாமா வீடு திறந்திருக்கும் என்று பையனுக்குத் தெரியும். எச்சரிக்கையைக் கவனிப்பதும் கிளம்ப முடிவெடுப்பதும் பெரியவர்கள் வேலை என்பதை உங்கள் மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ராத்திரி மழை வந்தால் நான் எழுந்து பார்ப்பேன், இரண்டு மணிக்கு அப்பா பார்ப்பார், நீ தூங்குவதுதான் உன் வேலை." சொன்னபடி எழுந்தும் பார்க்க வேண்டும். பையை எடுத்து வைப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். குடும்பத்துக்கே ஒரு பை போட்டு, ஆதார், ரேஷன் கார்டு, மருந்து, சார்ஜர் எல்லாம் வைத்து வாசலுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். நாய்க்குட்டி பிஸ்கட்டும் அதில் இருக்கட்டும். கட்டிலில் அவள் தனியாகக் காவல் இருக்கத் தேவையில்லை.

காணொளி பற்றி ஐயா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சின்னக் குழந்தைகளுக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடினால் ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதாகவே தோன்றும். ஆனால் வெறுமனே போனைப் பிடுங்கினால் பார்த்தது மனதுக்குள்ளேயே கிடக்கும். என்ன பார்த்தாய், எந்த இடத்தில் பயந்தாய் என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். உங்கள் நெஞ்சு படபடப்பதையும் அவளிடம் அளவாகச் சொல்லலாம். "எனக்கும் பயமாகத்தான் இருக்கு, அப்போ நான் மெதுவா மூச்சு விட்டுட்டு, எச்சரிக்கை என்னன்னு பார்ப்பேன்." பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சொல்லாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், காரணமில்லாத வயிற்றுவலி, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பி வருவது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உங்களுக்காகவும் நீங்கள் கூப்பிடலாம் அக்கா.

குறிஞ்சி2030

கொடைக்கானல். கல்லூரி இரண்டாம் ஆண்டு. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்களுக்கு இருப்பது பயம் மட்டும் இல்லை, கோபம். 2021ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள 10,000 பேரைக் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுகிறார்கள் அல்லது அதற்கும் மேலே. 45 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் இது தங்கள் அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாகச் சொன்னார்கள். அரசுகள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற எண்ணத்தோடு அந்த வேதனை சேர்ந்தே இருந்தது. போனை வாங்கி வைத்தால் இது போய்விடுமா?

மலைக்காற்று ஐயா, மலை எப்போதும் இறங்கியது உண்மை. ஆனால் வயநாட்டில் அன்று பெய்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், காலநிலை மாற்றத்தால் அது சுமார் 10 சதவீதம் வலுவாகப் பெய்தது என்று கணித்தார்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இதையெல்லாம் பள்ளியிலேயே படிக்கிறோம். படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் "சும்மா இரு" என்கிறார்கள்.

கேட்டால் மரம் நடச் சொல்வார்கள். பழனி மலையில் சுமார் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று 2018ல் ஓர் ஆய்வு வந்தது. எதனால்? புல்வெளியில் சீகையும் பைனும் கற்பூர மரமும் நட்டதாலும், விவசாயம் ஏறியதாலும். அந்தப் புல்வெளியில்தான் குறிஞ்சி பூக்கிறது. 2018ல் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அடுத்தது 2030. அதுவரை எது மிஞ்சும் என்று நினைக்கும்போது வரும் கோபத்தை யாரிடம் சொல்வது?

மலைக்காற்று

தம்பி, நீ சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. மழை மாறிவிட்டது, அது என் தோட்டத்துக்கே தெரிகிறது. ஆடியில் நின்று நிதானமாகப் பெய்தது இப்போது இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. நான் சொல்வது ஒன்றுதான். உலகம் முழுக்க நடப்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரவில் தனியாகச் சுமக்கக் கூடாது. எங்கள் காலத்தில் மழை இரவுகளில் நாலு குடும்பம் ஒரே வீட்டில் கூடிவிடும். பெரியவர்கள் முழித்திருப்பார்கள், பிள்ளைகள் வரிசையாகத் தூங்கும். அது இன்று இல்லை. எல்லோரும் தனித்தனி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்க்கிறோம்.

அந்த ஜாடியை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும், ஈரமண்? எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று கேட்கிறேன்.

ஈரமண்

முழங்கால் உயரத்தில் ஒரு கல்லோ கட்டையோ வைத்து அதன் மேல் வையுங்கள் ஐயா. தரையில் வைத்தால் தெறிக்கும் தண்ணீரும் சேர்ந்துவிடும். மரம், கூரை பக்கத்தில் வேண்டாம். ஜாடியின் வாயும் உடம்பும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், குறுகிய வாய் இருந்தால் அளவு தப்பு. நம் மாவட்டத்தில்தான் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையாயிற்றே, கண்ணாடியே நல்லது.

இன்னொன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் அறிக்கை கொடுக்க ஆரம்பித்த மாவட்டங்கள் டார்ஜிலிங், காலிம்போங், நம் நீலகிரி. மழைக்காலத்தில் அதையும் பார்க்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

மேல்மலை விவசாயி

மன்னவனூர்ப் பக்கம். எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. நான் ஆண்களைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்களுக்கு கேரட், உருளை, பூண்டு. 2018ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதே வருடம் நவம்பரில் கஜா வந்தது. புயல் மலைக்கு மேலே ஏறி வரும் என்று எங்கள் அப்பா காலத்தில் யாரும் நினைத்ததில்லை. அதன் பிறகு மழை தள்ளிப்போனாலும், விதைத்த பின் கொட்டினாலும், மாசி பங்குனியில் காட்டில் புகை தெரிந்தாலும் என் தம்பி பேச்சை நிறுத்திவிடுவான். இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான். அப்புறம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மனைவி மேல் எரிந்து விழுவான். பிள்ளைகள் அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே உள் அறைக்குப் போய்விடும். கொஞ்ச நாள் குடியும் சேர்ந்தது.

அவனுக்குக் கோபம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பயம் என்று தெரியும், ஏனென்றால் எனக்கும் அதேதான். கடன் வாங்கி விதை போட்டவனுக்கு வானம் கருத்தால் பிள்ளைக்கு வருகிற அதே படபடப்புதான் வருகிறது. வெளியே சொல்லும் பழக்கம்தான் எங்களுக்கு இல்லை. இப்போது அறுவடை முடிந்ததும் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கணக்கைப் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கும்போதே பேசுகிறோம். இந்தப் போகம் போனால் எதை நிறுத்துவோம், எதை நிறுத்த மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். படிப்புச் செலவில் கை வைப்பதில்லை என்று முடிவானது. அதைக் கேட்ட பிறகு என் தம்பி மகளின் முகமே மாறியது. அவள் பயந்ததெல்லாம் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்பதற்குத்தான். நாங்கள் மழையைப் பற்றிப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோத்தகிரி தங்கச்சி, உன் வீட்டுக்காரர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது அவருக்கே சொல்லிக்கொள்வதாகவும் இருக்கலாம். அவரைத் தனியாக ஒரு நாள் கேட்டுப் பார்.

குறிஞ்சி தம்பி, கோடையில் காட்டுத்தீ பரவாமல் இருக்கத் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது ஊர்ப் பையன்களும் போகிறார்கள். கோபத்தோடே வா. கூட வேலை செய்பவர்களுக்கும் அதே கோபம் இருக்கிறது என்று தெரிந்தால் தனியாகக் கிடந்து வேகத் தேவையில்லை.

குறிஞ்சி2030

வருகிறேன் அண்ணா. நான் இருப்பது டவுன் பக்கம், எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இன்னும் சிலர் வருவார்கள்.

லயன் வீடு

நான் பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறேன். எல்லாம் படித்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு ஒரு கேள்வி.

எங்கள் தாத்தா பாட்டி 1964ல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்கே எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள், இங்கே இந்த லயன்தான் வீடு. பின்னால் மண் சுவர் மாதிரி நிற்கிறது, மழை பெய்தால் சமையலறைக்குள் ஊறுகிறது. விரிசல் வந்ததா பாருங்கள் என்கிறீர்கள். விரிசல் எப்போதோ வந்துவிட்டது. மாமா வீடும் அதே வரிசையில் நாலாவது வீடு. என் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லட்டும்? மனதைத் தைரியப்படுத்து என்றால் எதை வைத்துத் தைரியப்படுத்துவது?

மனத்தோழி

அக்கா, உங்கள் கேள்விக்கு மனநல ஆலோசனை பதில் ஆகாது. உங்கள் பயம் உள்ளபடியே சரியானது. சுவர் விரிந்திருக்கும்போது ஒரு தாயை அமைதியாக இருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதுகாப்பான இடம் கிடைப்பதுதான் முதல் மருந்து. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "இந்த இடம் சரியில்லைன்னு அம்மாவுக்குத் தெரியும், மாத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்கேன், அதுவரைக்கும் பெரிய மழைன்னா நாம ஸ்கூலுக்குப் போயிடுவோம்." அம்மா சும்மா இல்லை என்று தெரிவதே பிள்ளைக்குப் பெரிய பிடி.

ஈரமண்

அக்கா, நீங்கள் தனியாகப் போகாதீர்கள். வரிசையில் உள்ள எல்லா வீடும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு இருக்கட்டும். விரிசலைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், அடுத்த மாதம் அதே இடத்தை மறுபடி எடுங்கள். அகலம் கூடுவது படத்தில் தெரிந்தால் யாரும் மறுக்க முடியாது. இரண்டு கோரிக்கையைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சரிவையும் கட்டடத்தையும் ஆய்வு செய்ய வேண்டும், சிவப்பு எச்சரிக்கை நாளில் எந்த முகாம், வண்டி எது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். முதலாவதுக்கு நாளாகும். இரண்டாவதை இந்த மழைக்கு முன்னாலேயே வாங்க முடியும்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஊட்டி வரை பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகும். பந்தலூர் தாலுகா ஆபீசிலும் கூடலூர் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீசிலும் கொடுக்கலாம். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், எனக்குப் பக்கம்தான்.

லயன் வீடு

எங்க வரிசையில் பதினோரு வீடு. இன்னைக்கு ராத்திரி எல்லார்கிட்டயும் பேசிடறேன். என் பெரிய பொண்ணு ஒன்பதாவது, கையெழுத்து நல்லா இருக்கும், அவளையே எழுதச் சொல்லட்டுமா?

ஈரமண்

எழுதட்டும் அக்கா. ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் சீல் போட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன்.